இறங்கும் கொடியும் சுற்றிய கொடியும்: மகப்பேற்றுத் தொப்புள்கொடிச் சிக்கல்கள் பற்றிய அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றின்போது தொப்புள்கொடியால் நேரும் சிக்கல்களுள் இரண்டு மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெறுகின்றன. ஒன்று, பனிக்குடம் உடைந்தபின் கொடி குழந்தைக்கு முன்னதாக இறங்கிவிடுதல். மற்றொன்று, கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருத்தல். முன்னது அரிதாக நிகழ்வது. ஆனால் உடனடி உயிராபத்து உடையது. பின்னது மிகப் பரவலாகக் காணப்படுவது, பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் மக்கள் வழக்கில் அச்சம் இரண்டாவதன் மீதே குவிந்தது. 17ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய, அமெரிக்க மகப்பேற்று மருத்துவம் இவ்விரு சிக்கல்களையும் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை இக்கட்டுரை கை, செவி, கருவி என்னும் மூன்று நிலைகளில் ஆராய்கிறது. அவ்வறிவு தமிழுலகைத் தொட்ட இடங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தொப்புள்கொடி, கொடி இறக்கம், கொடி சுற்றிப் பிறத்தல், மருத்துவச்சி, கருவின் இதயத்துடிப்பு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மகப்பேற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல், குறடு, அறுவைப் பேறு ஆகியவற்றையே மையப்படுத்துவர். இவை தாயின் உயிரோடும் மருத்துவரின் புகழோடும் நேரடித் தொடர்புடையவை. தொப்புள்கொடிச் சிக்கல்களின் வரலாறு அவற்றிலிருந்து வேறுபட்டது. கொடி அழுத்தப்படும்போது தாய்க்கு வலியோ குருதிப்போக்கோ ஏற்படுவதில்லை. ஆபத்து முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத குழந்தைக்கே. எனவே இச்சிக்கலின் வரலாறு என்பது, புலப்படாத ஓர் உயிரின் நிலையை வெளியிலிருந்து அறிய முயன்றதன் வரலாறாகும். எதை அறிய முடிந்தது என்பதே எதைச் செய்ய முடிந்தது என்பதைத் தீர்மானித்தது. அறிய முடியாத இடத்தை நம்பிக்கைகளும் பழிகளும் நிரப்பின.

சொல்லும் உறுப்பும்

தமிழில் கொப்பூழ்க்கொடி, தொப்புள்கொடி, நச்சுக்கொடி, நஞ்சுக்கொடி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் இறுதி இரண்டும் சில வழக்குகளில் நஞ்சையும் சேர்த்துக் குறிக்கின்றன. இக்கட்டுரை குழந்தையின் தொப்புளையும் நஞ்சையும் இணைக்கும் பகுதியை மட்டுமே ‘கொடி’ எனக் குறிக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் இவ்வுறுப்பு கயிறாகவோ நாணாகவோ பெயர் பெற்றிருக்க, தமிழ் அதனைக் கொடியாகக் கண்டது. ஊட்டம் பெற்று வளரும் உயிர்ப்பொருள் என்னும் கருத்து அப்பெயரில் உள்ளது.

நிறைமாதக் கொடி ஏறத்தாழ 50 முதல் 60 செ.மீ. நீளமுடையது. அதனுள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் செல்கின்றன. வழக்கத்திற்கு மாறாக, இங்குத் தூய குருதியைக் குழந்தைக்குக் கொண்டுசெல்வது சிரையே. இக்குழாய்களைச் சூழ்ந்துள்ள கூழ்மப்பொருள், 1656இல் சுரப்பிகளைப் பற்றிய நூலை வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்டனின் பெயரால் வார்டன் கூழ்மம் எனப்படுகிறது. கொடி முறுக்கப்பட்டாலும் சுற்றிக்கொண்டாலும் குருதியோட்டம் எளிதில் தடைப்படாமைக்கு இக்கூழ்மமே காரணம். ஆயினும் குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் இடையில் கொடி சிக்கினால் இக்காப்பு போதாது. மெல்லிய சுவருடைய சிரை முதலில் அழுந்துகிறது; பின்னர்த் தமனிகளும் அடைபடுகின்றன.

பண்டைய மருத்துவத்தில் கொடி

கிரேக்க மருத்துவ மரபு கொடியைக் கவனித்தே வந்துள்ளது. அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தம் நூலில், பிறந்தவுடன் உயிரற்றதுபோல் தோன்றும் குழந்தையைப் பற்றிக் குறிப்பிடுகிறார். தேர்ந்த மருத்துவச்சியர் கொடியிலுள்ள குருதியைக் குழந்தையை நோக்கிப் பிழிந்து செலுத்த, குழந்தை மீண்டும் உயிர்ப்புப் பெறும் என்பது அவர் தரும் செய்தி. கொடியினுள் இருக்கும் குருதி குழந்தைக்குரியது என்னும் பட்டறிவு அன்றே இருந்ததை இது காட்டுகிறது.

எபேசு நகரத்துச் சொரானஸ் எழுதிய மகளிர் மருத்துவ நூல் மற்றொரு செய்தியைத் தருகிறது. இரும்பால் கொடியை அறுப்பது தீக்குறி எனக் கருதிய மருத்துவச்சியர் கண்ணாடித் துண்டு, நாணல், ஓட்டுச் சில்லு, உலர்ந்த அப்பத்தின் மேலோடு ஆகியவற்றால் அறுத்தனர். சொரானஸ் இதனை நகைப்புக்குரியதாகக் கருதிக் கூரிய கருவியால் அறுக்க வேண்டும் என வலியுறுத்தினார். கொடியைப் பற்றிய மருத்துவ அறிவும் சகுன நம்பிக்கையும் ஒரே பேற்றறையில் அருகருகே இயங்கின என்பது இதனால் விளங்கும். இந்நிலை பின்வந்த நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது.

கையின் காலம்

கொடி இறக்கம் தனித்த மருத்துவச் சிக்கலாக விரிவான கவனம் பெற்றது 17ஆம் நூற்றாண்டில்தான். பாரிஸ் நகரத்துப் பிரான்சுவா மோரிசோ 1668இல் வெளியிட்ட நூல் இதில் குறிப்பிடத்தக்கது. அதனை 1672இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஹியூ சேம்பர்லன். குறடு என்னும் கருவியைப் பல தலைமுறைகளாக மறைபொருளாகக் காத்த சேம்பர்லன் குடும்பத்தைச் சேர்ந்தவர் இவர்.

அக்கால மருத்துவரிடம் இருந்த வழிகள் இரண்டே. முதலாவது, இறங்கிய கொடியைக் கையால் மேலே தள்ளித் தலைக்குப் பின்னால் நிறுத்துதல். இது பெரும்பாலும் நிலைப்பதில்லை. அடுத்த வலியில் கொடி மீண்டும் இறங்கும். இரண்டாவது, கையைக் கருப்பைக்குள் செலுத்திக் குழந்தையின் காலைப் பற்றித் திருப்பி வெளிக்கொணர்தல். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்புரோஸ் பாரே மீட்டெடுத்த முறை இது. வலியடக்கும் மருந்தும் நோய்நுண்மத் தடுப்பும் அறியப்படாத காலத்தில் இச்செயல் தாய்க்குக் கருப்பைக் கிழிவையும் காய்ச்சலையும் தரக்கூடியதாக இருந்தது. குழந்தைக்காகத் தாயை எந்த அளவு ஆபத்துக்கு உள்ளாக்கலாம் என்னும் வினா இங்கே எழுந்தது.

அவ்வினாவுக்கு விடை தேடப் பயன்பட்ட ஒரே அளவுகோல் கொடியின் துடிப்பு. விரலுக்குத் துடிப்பு தென்பட்டால் குழந்தை உயிருடன் உள்ளது. விரைந்து செயற்பட வேண்டும். துடிப்பு அடங்கிவிட்டால் தாயை வருத்தாமல் பேற்றை இயற்கையின் போக்கில் விட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்மெல்லி உள்ளிட்டோரின் காலம் முழுவதும் இந்நெறியே கோலோச்சியது. விரல் நுனியின் ஒரு கணத் தீர்ப்பில் ஓர் உயிரைக் காப்பதா கைவிடுவதா என்பது முடிவாயிற்று.

இம்மரபில் பெண் மருத்துவச்சியரின் எழுத்தும் இடம்பெறுகிறது. சைலேசியாவைச் சேர்ந்த ஜஸ்டினா சீகமுண்ட் பிராண்டன்பர்க் அரசவையின் மருத்துவச்சியாக விளங்கியவர். 1690இல் வெளிவந்த அவரது நூல், அனுபவமிக்க மருத்துவச்சிக்கும் மாணவிக்கும் இடையிலான உரையாடல் வடிவில் அமைந்தது. இளமையில் தாம் கருவுற்றிருப்பதாக மருத்துவச்சியர் தவறாகக் கணித்ததால் பட்ட துன்பமே அவரை இத்துறையைக் கற்கத் தூண்டியது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெற்ற அனுபவமே மருத்துவச்சிக்குத் தகுதி என்ற அக்காலக் கருத்துக்கு மாறாக, கற்றலும் கையின் பயிற்சியுமே தகுதி என அவரது வாழ்வும் நூலும் நிறுவின. கருப்பையினுள் குழந்தை எவ்வாறு கிடக்கிறது என்பதைச் செப்புத்தகட்டுப் படங்களால் விளக்கிய அந்நூல், கையால் தொட்டறிந்ததைக் கண்ணால் கற்கத்தக்கதாக மாற்றியது.

குளிர்ச்சியா, மூச்சடைப்பா?

கொடி இறங்கினால் குழந்தை ஏன் இறக்கிறது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. கொடியின் வழியே ஊட்டம் செல்கிறது என்பது அறியப்பட்டிருந்தது. ஆனால் ஊட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டால் உயிர் போவதேன்? வெளிக்காற்றின் குளிர்ச்சியால் கொடியிலுள்ள குருதி உறைந்துவிடுகிறது என்பது அக்காலத்தில் சொல்லப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. வெளிவந்த கொடியை வெதுவெதுப்பான துணியால் மூடும் வழக்கம் இவ்விளக்கத்தோடு இயைந்தது. விளக்கம் பிழையாயினும் வழக்கம் முற்றிலும் வீணன்று. குளிர்ச்சியாலும் கையாளுதலாலும் குருதிக்குழாய்கள் சுருங்குவதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

சரியான விடைக்கான முதல் அடியை 1674இல் ஆங்கிலேயரான ஜான் மேயோ எடுத்து வைத்தார். கொடியின் குருதி ஊட்டத்தை மட்டுமன்றிக் காற்றிலுள்ள உயிர்ப்புத் துகள்களையும் குழந்தைக்குக் கொண்டுசெல்கிறது. எனவே நஞ்சு கருப்பையினுள் இயங்கும் நுரையீரல் போன்றது என்பது அவர் கருத்து. ஆக்சிஜன் கண்டறியப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சொல்லப்பட்டதால் இக்கருத்துக்கு உரிய சான்று அப்போது கிட்டவில்லை. வில்லியம் ஹண்டர் 1774இல் வெளியிட்ட கருவுற்ற கருப்பையின் உடற்கூற்றுப் படநூல் மற்றோர் அடிப்படையை அமைத்தது. தாயின் குருதியோட்டமும் குழந்தையின் குருதியோட்டமும் தனித்தனியானவை என ஹண்டர் உடன்பிறப்புகள் நிறுவினர். இறுதிச் சான்றை 1876இல் ஜெர்மானிய மருத்துவர் பால் ஸ்வைஃபெல் அளித்தார். கொடிச் சிரையின் குருதியில் ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் இருப்பதை அவர் நிறமாலைமானியால் காட்டினார்.

இதனால் கொடி அழுத்தம் என்பது பட்டினியன்று, மூச்சடைப்பே என்பது உறுதியாயிற்று. நேரத்தைப் பற்றிய புரிதலும் இதனால் மாறியது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காயிற்று.

செவியின் காலம்

கொடி வெளியே தெரிந்தால் மட்டுமே விரலால் துடிப்பை அறிய முடியும். உள்ளே மறைவாக அழுத்தப்படும் கொடியை விரல் அறியாது. இத்தடையை நீக்கியது செவி. 1818இல் ஜெனீவாவின் பிரான்சுவா இசாக் மயோர், தாயின் வயிற்றில் காதை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கலாம் என அறிவித்தார். 1821இல் பிரெஞ்சு மருத்துவர் கெர்கராதெக், லென்னெக் உருவாக்கிய இதயத்துடிப்புமானியைத் தாயின் வயிற்றில் பயன்படுத்தி அதே ஒலியைக் கேட்டார். அத்துடிப்பின் மாற்றங்களிலிருந்து குழந்தையின் நலத்தை அறியலாம் என்னும் வாய்ப்பையும் அவர் சுட்டினார்.

அவ்வாய்ப்பைப் பேற்றறை நடைமுறையாக வளர்த்தவர் அயர்லாந்தின் ஈவரி கென்னடி. டப்ளின் ரொட்டண்டா மகப்பேற்று மருத்துவமனையின் தலைமையை ஏற்ற 1833ஆம் ஆண்டிலேயே அவரது நூல் வெளிவந்தது. தலை அழுத்தத்தாலும் கொடி அழுத்தத்தாலும் இதயத்துடிப்பு தளர்வதை அவர் விவரித்தார். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத கொடியின் துன்பம் முதன்முறையாகக் காதுக்கு எட்டியது. 1893இல் ஜெர்மானிய மருத்துவர் வின்கெல், துடிப்பு அளவுக்கு மீறித் தளர்வதையோ விரைவதையோ குழந்தையின் இடருக்கான அறிகுறிகளுள் ஒன்றாக வரையறுத்தார். 1895இல் அடோல்ஃப் பினார் வடிவமைத்த குழல் இன்றளவும் பல நாடுகளில் மருத்துவச்சியரின் கையில் உள்ளது.

டப்ளினிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு

இவ்வறிவுமரபு தமிழுக்கு வந்த பாதையும் டப்ளினைத் தொட்டே செல்கிறது. அந்நகரத்து மருத்துவர் ஹென்றி மான்செலின் மகப்பேற்று நூலை அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிரீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளியை நடத்தித் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தவர். மேலை மகப்பேற்று மருத்துவம் ஐரோப்பாவில் செவியின் காலத்திற்குள் நுழைந்து நாற்பது ஆண்டுகளுக்குள் தமிழில் நூலாயிற்று என்பது கருதத்தக்கது. அதே காலப்பகுதியில், 1844இல், சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. அதுவே பின்னர் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்தது.

எனினும் நூலும் மருத்துவமனையும் பெரும்பாலான தமிழ்த் தாய்மாரை உடனே சென்றடையவில்லை. பிள்ளைப்பேறு வீட்டிலேயே நிகழ்ந்தது; மருத்துவச்சியின் கையே அங்குக் கருவியாக நின்றது.

ஈர்ப்பும் அறுவையும்

19ஆம் நூற்றாண்டில் இறங்கிய கொடியை மேலேற்றுவதற்குத் திமிங்கில எலும்பாலும் வளையும் குழாய்களாலும் பல கருவிகள் செய்யப்பட்டன. இவற்றின் பயன் குறைவே. இந்நிலையில் நியூயார்க் மருத்துவர் கெய்லார்ட் தாமஸ் 1858இல் முன்வைத்த முறை எளிமையானது. தாயை முழங்காலும் மார்பும் படுக்கையில் பதியுமாறு கவிழ்த்தால் இடுப்பு உயர்ந்து, கருப்பையின் சாய்வு தலைகீழாகும். கொடியைக் கீழிழுத்த அதே ஈர்ப்பு விசை இப்போது அதனை உள்ளே சரியச் செய்யும். கருவியோ செலவோ வேண்டாத இம்முறை இன்றும் முதலுதவியாக நிலைத்துள்ளது. 1970இல் வாகோ என்னும் மருத்துவர் இதே நோக்கத்திற்கு மற்றோர் எளிய வழியைக் கண்டார். தாயின் சிறுநீர்ப்பையை உப்புநீரால் நிரப்பினால், அது குழந்தையின் தலையை மேலே உயர்த்திக் கொடியின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கும். இன்றைய நடைமுறையில் 500 முதல் 750 மி.லி. வரை நிரப்புகின்றனர்.

இவை காலத்தை ஈட்டித் தரும் முறைகள்; தீர்வுகள் அல்ல. தீர்வாக அறுவைப் பேறு அமைய, அது தாய்க்குப் பாதுகாப்பானதாக மாற வேண்டியிருந்தது. 1882இல் மாக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை வகுத்தது அவ்வழியின் முதன்மையான திருப்பம். நோய்நுண்மத் தடுப்பு, மயக்க மருந்து, குருதியேற்றம், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியன 20ஆம் நூற்றாண்டில் ஒன்றுசேர்ந்தபோது, குழந்தைக்காகத் தாயைப் பணயம் வைப்பதா என்னும் பழைய வினா தன் கூர்மையை இழந்தது. ஆக்ஸ்போர்டில் 1984 முதல் 1992 வரை நேர்ந்த 132 கொடி இறக்கங்களைப் பற்றி 1995இல் வெளிவந்த ஆய்வில், குழந்தை இறப்பு ஆயிரத்திற்கு 91 எனப் பதிவாயிற்று. அவ்விறப்புகளிலும் பெரும்பகுதிக்குக் காரணம் மூச்சடைப்பைவிடக் குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைகளுமே. மருத்துவமனைக்குள் நிகழும் கொடி இறக்கம் பெரும்பாலும் வெல்லத்தக்கதாகிவிட்டது. மருத்துவமனைக்கு வெளியே நிகழ்வது இன்றும் அவ்வாறன்று.

கருவியின் காலம்

1958இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஹான் குழந்தையின் இதயத்துடிப்பை மின்னணு முறையில் இடைவிடாது பதிவுசெய்யும் வழியை வெளியிட்டார். உருகுவேயின் கால்தெய்ரோ-பார்சியா குழுவினரும் இணையாக இத்துறையில் உழைத்தனர். 1967இல் ஹானும் குவில்லிகனும் துடிப்புத் தளர்வுகளை மூவகைப்படுத்தினர். வலியோடு ஒத்தெழும் தளர்வு தலை அழுத்தத்தையும், வலிக்குப் பிந்தும் தளர்வு நஞ்சின் போதாமையையும், வடிவிலும் நேரத்திலும் மாறிமாறித் தோன்றும் தளர்வு கொடி அழுத்தத்தையும் காட்டுவதாக விளக்கினர். கென்னடியின் காது கேட்டது தாளில் வரைகோடாயிற்று.

இக்கருவி எதிர்பார்த்த அளவு உயிர்களைக் காக்கவில்லை என்பதும் வரலாற்றின் பகுதியே. ஏறத்தாழ 13,000 பெண்களை உட்படுத்தி 1985இல் வெளிவந்த டப்ளின் ஆய்வு, தொடர் மின்னணுக் கண்காணிப்பை இடைவிட்டுக் கேட்கும் பழைய முறையோடு ஒப்பிட்டது. பச்சிளங்குழந்தைகளுக்கு நேரும் வலிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. நான்கு வயதில் மூளைவாதம் காணப்பட்ட அளவும் ஒத்திருந்தது. பின்வந்த தொகுப்பாய்வுகள் தொடர் கண்காணிப்பால் அறுவைப் பேறு கூடுவதை உறுதிசெய்தன. கொடி அழுத்தம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஓரளவு நேர்வது. பெரும்பாலானவை அதனைத் தாங்கவல்லவை. கருவி அழுத்தத்தைக் காட்டியது. குழந்தையின் தாங்குதிறனைக் காட்டவில்லை.

கழுத்தைச் சுற்றிய கொடி: அச்சமும் பழியும்

கொடி இறக்கம் ஆயிரம் பேறுகளில் ஒன்று முதல் ஆறு வரையே நிகழ்கிறது. கழுத்தைச் சுற்றிய கொடியோ ஏறத்தாழ நான்கில் ஒரு பேற்றில் காணப்படுவது. சுற்று பெரும்பாலும் தளர்வானது. தலை வெளிவந்ததும் விரலால் நழுவச் செய்யத்தக்கது. கருவிலுள்ள குழந்தை கழுத்தின் வழியே மூச்சு விடுவதில்லை. எனவே ‘கழுத்தை நெரித்தல்’ என்னும் படிமம் உடலியங்கியலுக்குப் பொருந்தாது. இறுக்கமான சுற்று தீங்கு செய்யும் நேர்வுகளில் முதன்மையான காரணம் மூச்சுக்குழல் அடைப்பன்று. கொடிக் குழாய்கள் அழுந்துதலே.

ஆயினும் பிறந்த கணத்தில் அனைவர் கண்ணுக்கும் தெரிவது இச்சுற்றே. குழந்தை இறந்து பிறந்தால், கண்முன் உள்ள சுற்று காரணமாகக் கொள்ளப்படுகிறது. உயிரோடு பிறந்த நான்கில் ஒரு குழந்தைக்கும் அதே சுற்று இருந்தது என்பதை எவரும் எண்ணுவதில்லை. ஐரோப்பாவில் இக்குழப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இங்கிலாந்தில் 1624ஆம் ஆண்டுச் சட்டம், மணமாகாத தாய் தன் குழந்தையின் இறப்பை மறைத்தாலே கொலையெனக் கருத இடமளித்தது. 1803இல் அது நீக்கப்பட்டது. குழந்தையின் கழுத்தில் காணும் தடம் கையால் ஏற்பட்டதா, கொடியால் ஏற்பட்டதா என்பது சட்ட மருத்துவ நூல்களில் நெடிது வாதிக்கப்பட்ட வினா. ஒரு பெண்ணின் உயிர் அவ்விடையைப் பொறுத்திருந்தது.

தமிழ் வழக்கில் பழி வேறொருவர் மீது திரும்பியது. கொடி சுற்றிப் பிறந்தால், அதாவது மாலை சுற்றிப் பிறந்தால், தாய்மாமனுக்கு ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. தாய்மாமன் குழந்தையை நேரே பார்க்காமல் எண்ணெயில் முகம் பார்த்தல் போன்ற கழிப்புச் சடங்குகள் இதற்கு உண்டு. இந்நம்பிக்கை இருவகையில் நோக்கத்தக்கது. முதலாவதாக, உயிரோடு பிறந்த குழந்தையைப் பற்றியே அது பேசுகிறது; சுற்றிய கொடியோடு பல குழந்தைகள் நலமாகப் பிறக்கின்றன என்னும் பட்டறிவு அதனுள் பொதிந்துள்ளது. இரண்டாவதாக, அது தீமையைக் குழந்தையின் உடலிலிருந்து உறவின் தளத்திற்கு மாற்றுகிறது. சீர் செய்யும் கடப்பாடுடைய தாய்மாமனின் உறவு பிறப்பின் முதல் நாளிலேயே இவ்வாறு உறுதிப்படுத்தப்படுகிறது. ஆனால் அந்நம்பிக்கையின் சுமை குழந்தையின் மீதும், அதனை ஈன்ற தாயின் மீதும் விழுந்ததை மறுக்கவியலாது.

நுண்ணொலி வரைவு பேற்றுக்கு முன்னரே சுற்றைக் காட்டத் தொடங்கியபின் பழைய அச்சம் புதிய வடிவம் கொண்டுள்ளது. கொடிச்சுற்று மட்டுமே அறுவைப் பேற்றுக்குப் போதிய காரணமாகாது என்பதே பொதுவான மருத்துவக் கொள்கை. எனினும் குடும்பங்களின் கவலையில் அது பெரிதாக இடம்பெறுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பேறுகள் அறுவைவழி நிகழ்ந்தன. இவ்வெண்ணுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அச்சத்தின் பங்கு எவ்வளவு என்பது மருத்துவரோடு பண்பாட்டு ஆய்வாளரும் ஆராய வேண்டியது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, கொடிச் சிக்கல்களின் மருத்துவம் புலனறிவின் விரிவோடு வளர்ந்தது. விரல் துடிப்பை அறிந்தது. செவி மறைந்த அழுத்தத்தை அறிந்தது. கருவி அதனைப் பதிவாக்கியது. இரண்டு, ஒவ்வொரு விரிவும் பழைய கருவியை முற்றிலும் விலக்கவில்லை. முழங்கால்-மார்பு நிலையும், தலையைத் தாங்கிப் பிடிக்கும் கையும், இடைவிட்டுக் கேட்கும் குழலும் இன்றும் உயிர் காக்கின்றன. மூன்று, அச்சம் ஆபத்தின் அளவைப் பின்பற்றவில்லை, காட்சியைப் பின்பற்றியது. அரிதான இறக்கம் சிக்கலை நேரில் கண்ட மருத்துவச்சிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. பரவலான சுற்றோ தாய், தாய்மாமன், நீதிபதி என அனைவரையும் தொட்டது. மகப்பேற்று வழக்காறுகளைத் தொகுக்கும் தமிழாய்வுகள் இவ்விரண்டையும் பிரித்தறிந்து பதிவு செய்யுமாயின், பேற்றறையில் பெண்ணின் மீது ஏற்றப்பட்ட பழிகளின் வரலாறும் தெளிவுபெறும்.